சாத்தச் சொன்ன கதவு

"மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தணும். அவ்ளோதாம்மா உங்க வேலை" என்றார் நாடக இயக்குநர் பூபதி.

முத்தம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரைப் பசியாவரத்தில் நாடகமாம். மேடையே கிடையாதாம். பட்டணத்து ஜனம் நடிகர்கள் பின்னாலேயே தெருத்தெருவாக ஓடிப் பார்க்குமாம்.

கதை என்ன? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆட்சியை எதிர்த்து எழுதின தருமலிங்கம், போலீஸ் துரத்த இந்த ஊருக்குள் ஓடிவந்தாராம். 'ஒரு கதவும் திறக்கவில்லை' என்று புத்தகத்தில் எழுதியே வைத்துவிட்டார் மனுஷன். அதோ, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் இருக்கிறார்!

"நான் பொறந்து வளந்த ஊரு சார் இது. எங்க ஜனம் அப்படிப்பட்டதா?"

"புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு."

நாடகம் தொடங்கியது. எழுத்தாளராக நடித்த ஆதில், சட்டையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு ஓடிவந்து கதவைத் தட்டினான். "அம்மா, காப்பாத்துங்க!"

அவ்வளவுதான். முத்தம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஏரிக்கு ஓடினாள்.

"அம்மா, சீன்ல இது இல்லம்மா..."

"வாய மூடுடா!"

மூடவும் வைத்தாள். தலையில் பழைய சேலை. பல்லில் கடித்துக்கொள்ள, இறால் போடுகிற ஓலைப் பறி. இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் வரிசையில் அவனையும் நிறுத்திவிட்டாள். அவர்கள் வாயிலும் பறி, சிரிக்க வழியில்லாமல் குலுங்கினார்கள்.

நாடகப் போலீஸ் தேடோ தேடென்று தேடியது. பார்க்க வந்த ஜனமோ, "அங்க ஓடுனான், இங்க ஓடுனான்" என்று கைகாட்டி ஏமாற்றி, விசிலடித்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இந்தம்மாவுக்கு நாடகம்னா இன்னானே தெரியல" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் பூபதி.

தருமலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நேராக ஆதில் முன்னால் போய் நின்றார்.

"முன்பல்லுல கடிக்காத தம்பி. பறியை ஓரப்பல்லுல கடி. அப்பத்தான் பொழுது சாயறவரைக்கும் தாங்கும்."

பூபதி வாயைப் பிளந்தார். "ஐயா, அப்போ புத்தகத்துல..."

"கதவு திறந்துச்சுனு எழுதியிருந்தா, மறுநாளே இங்க போலீஸ் வந்திருக்காதாய்யா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்தம்மாள் பக்கம் திரும்பிச் சிரித்தார் தருமலிங்கம்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுனு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க இந்த ஊர் பொம்பளைங்க. அடேயப்பா, பெத்த பொண்ணுங்ககிட்ட கூட மூச்சு விடலியே அவங்க!"