ஜன்னலுக்கு எட்டிய மக்னோலியா

துணி காயப்போடும் மூங்கில் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, யாச்சின் மக்னோலியாக் கிளையைத் தன் பக்கம் இழுத்தாள்.

கிளை வளைந்து வந்தது. இலை ஒன்றுகூட இல்லை. பால் வெள்ளையில் கையகலப் பூக்கள் மட்டும்.

மற்ற ஆண்டுகளில் கீழே இறங்கி, அன்று காலை உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி வருவாள். இந்த வசந்தத்தில் கீழ்வாசலில் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒருவருக்குக் கொரோனா என்று இந்தக் கட்டடத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

நாளைக் காலை திறக்கிறார்கள். கடைசிப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. இங்கே யாருக்கும் தொற்று இல்லை. ஒருவருக்கு இருந்திருந்தாலும் பூட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியிருக்கும்.

மேல்வீட்டு ஜன்னலில் பெய்ஜென்னின் தலை தெரிந்தது.

“என்னக்கா, ஷாங்காய் நகரத்தோட சின்னப் பூவையே களவாடுறீங்க? குடியிருப்புக் குழுக்காரம்மா பார்த்தா உங்களை மட்டும் உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க!”

“உன் மகளுக்குத்தான்டி. வாயை மூடிக்கிட்டுக் கூடையை இறக்கு.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டில் ஒரே ஒரு ராத்திரி தங்கப் போன குட்டி தாங்தாங், அங்கேயே மாட்டிக்கொண்டாள். தினமும் போனில் அழுகை. கதவு திறந்ததும் ஓடுவதற்காக பெய்ஜென் நேற்றே செருப்பை வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டாள்.

முட்டையும் சர்க்கரையும் அடித்த மாவில் யாச்சின் இதழ்களைத் தோய்த்து எண்ணெயில் விட்டாள். எல்லாப் பூவும் இதற்குத் தாங்காது. இந்த மரம் தேனீக்களுக்கும் மூத்தது. அதன் பூவைத் தேடி வந்தவை வண்டுகள். அவை மிதித்தாலும் கிழியாதபடி இதழைத் தோல்போலத் தடிமனாக்கிக்கொண்டது. வண்டுக்குப் பார்வை மந்தம் என்பதால், மணத்தால் கூப்பிட்டது.

கயிற்றில் கட்டிய கூடை ஆடி ஆடி இறங்கியது. யாச்சின் ஜன்னலுக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளையை ஆட்டினீங்களே, என்னா வாசனை! இந்த வருஷம் தூக்கலா இல்ல?”

யாச்சின் நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஆண்டு வாசனையே இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வெயில் பட்டுப் பூ சூடேறினால்தான் மணம் பிரியும். குளிரில் அடங்கிக் கிடக்கும். பின்பனி விலகவில்லை, அதனால்தான் என்று நேற்று முழுக்கத் தனக்குத் தானே விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா! அடுப்புல என்ன? கருகுற நாத்தம் இங்க வரைக்கும் வருது!”

திரும்பினாள். வாணலியில் இதழ்கள் கரியாகியிருந்தன. சமையலறை முழுக்கப் புகை. கண் எரிந்தது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுப்பை அணைத்தாள். பறித்த பூவை முகத்தில் அழுத்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

ஈரம் மட்டும் தெரிந்தது.

மேலிருந்து பெய்ஜென் கயிற்றை இருமுறை சுண்டினாள். யாச்சின் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு கூடையைத் தட்டிவிட்டாள். அது காலியாக மேலே போனது.

“போச்சா? பரவால்லக்கா, மரத்துல இன்னும் நிறைய இருக்கு!”

ஜன்னலைச் சாத்தினாள். போனை எடுத்துக் குடியிருப்புக் குழுவின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேல்வீட்டில் பெய்ஜென் தன் போனில் பேசுவது கூரை வழியாகக் கேட்டது.

“அழக்கூடாதுடா செல்லம். இந்த ஒரு ராத்திரிதான். நாளைக்குக் கீழ்வீட்டுப் பெரியம்மா உனக்குப் பூ பொரிச்சுத் தருவாங்க.”

யாச்சினின் காதில் மணி நின்றது.

“சொல்லுங்க, எந்த வீடு?”