வரைபடத்தில் இல்லாத குழாய்

கடப்பாரை மூன்றாவது குத்தில் ‘டொக்’ என்றது. பாறை தட்டுப்பட்டுவிட்டது என்று பூரித்துப்போய், அவள் ஓங்கி இன்னொரு குத்து விட்டாள்.

பாறை பீய்ச்சியடித்தது.

மஞ்சளாக, நுரையோடு, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு. முதல் வீச்சு வெளித்தேர்வாளரின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. மிச்சம் துறைத்தலைவருக்கு.

புவியியலும் சுற்றுச்சூழலும் படித்துவிட்டு, பாறைக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இதில் ஆச்சரியமும் இல்லை. முதல் களப்பயணத்தில் வரைபடத்தைக் கையில் பிடித்தபடி, ஆற்றைக் காட்டுகிறேன் என்று வகுப்பையே கூட்டிக்கொண்டு போய் பஸ் டிப்போவில் நிறுத்தியவள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ‘திசைகாட்டி’.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வழி தவறவில்லை.

ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘வளாகத்துக் குளத்தில் ஆய்வகக் கழிவு கலக்கிறது.’ மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த அன்று எழுதியது. துறைத்தலைவர்தான் வளாகப் பசுமைக் குழுவுக்கும் தலைவர். வரியைச் சிவப்பு மையில் அடித்து, ‘இயற்கைக் காரணங்களால் மீன்கள் இறந்தன’ என்று மாற்றச் சொன்னார். அவள் அதே வரியை, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி அடித்தார். மறுபடி பெரிதாக்கினாள்.

அதனால்தான் இந்தக் குழி. அவர் முந்தின நாளே குச்சி நட்டுக் குறித்த இடத்தில், வெளித்தேர்வாளர் கண்ணெதிரே தோண்ட வேண்டும். மண் சுத்தமாக இருந்தால் வரியை எடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்றால் பட்டம் கிடையாது. அவர் வெளித்தேர்வாளரோடு பேசிக்கொண்டே வந்து சேர்வதற்குள் அவள் தோண்ட ஆரம்பித்திருந்தாள்.

“வளாக வரைபடத்துல இந்தப் பக்கம் ஒரு குழாய்கூடக் கிடையாது சார்!” துறைத்தலைவர் கைக்குட்டையை நீட்டிக்கொண்டே போனில் பிளம்பரைக் கூப்பிட்டார்.

வந்தவர் அவளுடைய அப்பா.

பத்தொன்பது வருஷமாக இந்த வளாகத்தின் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவர். இன்னும் நிரந்தரமாகாத வேலை. துறைத்தலைவர் மாதிரி மேலே இருப்பவர்கள் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

வீட்டில் அவரிடம் மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“அந்தக் குளத்துக்குள்ள என்னப்பா வருது?”

“தண்ணி.”

“எங்கேருந்து?”

“வானத்துலேருந்து. பேசாம சாப்பிடு.”

இப்போது அவர் குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் புதருக்குப் போனார். ஒரு பலகைக்கல்லைப் புரட்டினார். உள்ளே கையை விட்டு எதையோ முறுக்கினார். பீய்ச்சல் அடங்கியது.

வரைபடத்தில் இல்லாத குழாய்க்கு, வரைபடத்தில் இல்லாத வால்வு.

இத்தனை பேர் முன்னால் இப்படியா காட்டிக்கொடுத்துக்கொள்வது இந்த மனிதர்!

“இது எங்கேருந்து வர்ற குழாய்?” என்றார் வெளித்தேர்வாளர், சட்டையைப் பிழிந்தபடி.

துறைத்தலைவர் பிளம்பரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த மாதம் கையெழுத்துப் போடப்போகிறவரின் பார்வை. பிறகு சிரித்தார்.

“அந்தக் காலத்துக் குழாய் சார், யாருக்கும் தெரியாது. நான் குறிச்ச இடம் அதோ, அந்த மரத்தடி. இந்தப் பொண்ணு வழக்கம்போல இடம் மாறித் தோண்டிடுச்சு. அங்க தோண்டச் சொல்லலாம்.”

மரம் மேட்டில் இருந்தது. குளத்துத் தண்ணீர் ஏணி போட்டால்தான் அங்கே ஏற முடியும்.

குச்சி நட்டிருந்த இடத்தில்தான் தோண்டியதாக அவளுக்கு நினைவு. குச்சியோ இப்போது குழிமண்ணுக்கு அடியில். தவிர, தன் நினைவைவிடத் தனக்கு வைத்த பெயரை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம்.

கடப்பாரையைத் தரையில் ஊன்றினாள்.

“இடம் மாறினது என் தப்புதான் சார். ஆனா அந்த வரியை எடுக்க மாட்டேன். மரத்தடியிலயும் தோண்ட மாட்டேன். பட்டத்தை நீங்களே வச்சுக்கோங்க. இவரை மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது.”

வால்வுக் கல்லின் மேல் ஒரு காலை வைத்து நின்ற மனிதரைப் பற்றி இப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். வெளித்தேர்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார்.

“அவ இடம் மாறல சார். நீங்க நட்ட குச்சியை விடியக்காலைல நான்தான் பிடுங்கிட்டு வந்து இங்க நட்டேன்.”

துறைத்தலைவரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

“ஏம்ப்பா?” என்றாள் அவள்.

அப்பா இப்போது துறைத்தலைவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்தே சொன்னார்.

“குழாய் இங்கதானேம்மா இருக்கு. கெமிஸ்ட்ரி லேப்லேருந்து நேரா குளத்துக்கு. இவர்தான் போடச் சொன்னாரு. பதிச்சது நான்.”