ஜீப்புக்கு இழுவை போதவில்லை

"இழுவையே இல்ல, தம்பி" என்று மறுபடியும் பெட்ரோல் ஜீப்போடு வந்து நின்றார் பூவனலிங்கம்.

கோவில்பட்டி மெக்கானிக் சண்முகராஜுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "கார்புரேட்டர மாத்தினேன், கிளட்ச்ச மாத்தினேன். இதுக்கு மேல நான் என்னத்தச் செய்ய? டிரெய்லர்ல அப்படி என்ன பாரம் ஏத்துதீங்க? வாங்க, நேர்லயே பாத்துருதேன்."

விளாத்திகுளம் அருகே பூவனலிங்கத்தின் மானாவாரிக் காட்டுக்குப் போனார்கள். டிரெய்லர் எதுவும் இல்லை. பூவனலிங்கம் இறங்கி, ஜீப்பின் பின்னால் கலப்பையைக் கட்டினார். அவர் மனைவி ஆவுடைத்தாய் வந்து மேழியைப் பிடித்தாள்.

"கோடையில தீவனம் இல்லாம மாட்டை வித்தாச்சு, தம்பி. ஈரம் காயுததுக்குள்ள விதைக்கணும்லா" என்றார் பூவனலிங்கம்.

சண்முகராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா, அண்ணாச்சி?"

பிறகு அவரே ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"லோ கியர்ல நான் ஓட்டுதேன். மதினி செத்த நேரம் உக்காரட்டும். நீங்க போய் மேழியப் பிடிங்க."