சீட்டு விழுந்தவன்

"சிகரெட் என்னுது. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை" என்றார் கேப்டன்.

"அவர் பேச்சை நம்பாதீங்க மேடம். பெட்டியை உள்ள அடுக்கினது நானு" என்று குறுக்கே பாய்ந்தான் எஞ்சின்காரன்.

சமையல்காரன் இருவரையும் எரித்துவிடுவதுபோல் பார்த்தான். "வாய் கூசாம பொய் சொல்றாங்க. அது என் சரக்கு. நீங்க பிடிக்க வேண்டியது என்னைத்தான்."

சுங்க அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தாள். இருபத்திரண்டு வருட சர்வீசில் அவள் பார்த்த கடத்தல்காரர்கள் எல்லோரும் ஒரே ரகம். கையும் களவுமாகப் பிடித்தாலும், "பை என்னுதுதான், உள்ள இருக்கிறது என்னுது இல்லை" என்பார்கள். இங்கே மூன்று பேர் குற்றம் எனக்கு, உனக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் துறைமுகத்துக்கு அவள் மாற்றலாகி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. காலையில் வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லாமல் ஒரு குரல் துப்புக் கொடுத்தது. அதை நம்பிப் படகில் வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற இந்தச் சரக்குக் கப்பலில் கயிற்றேணி பிடித்து ஏறினாள்.

துப்பு பிசகவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த குளிர் அறையில், எந்தக் காகிதத்திலும் காட்டாத நாற்பத்திரண்டு பெட்டி சிகரெட். அறையில் குளிர் இல்லை. வேறு எந்தப் பொருளும் இல்லை.

கப்பல் முதலாளிக்குப் போன் போட்டாள். எடுத்தது வக்கீல். "கப்பல்ல இருக்கிற எதுக்கும் நாங்க பொறுப்பில்லை மேடம். சரக்கானாலும் சரி, ஆளானாலும் சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி கையைக் கழுவுகிறான். கூலிக்காரர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பெரிய மீன் தப்பிக்கச் சின்ன மீன்களிடம் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள்.

கப்பலில் இருந்ததே இந்த மூன்று பேர்தான். அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டாள். முதலில் கேப்டன்.

"சரக்கு எப்போ ஏறுச்சு?"

"கடைசியாக் கரையில நின்னப்போ. பதினாலு மாசம் இருக்கும்."

"அதுக்கப்புறம் யாரும் ஏறலை, இறங்கலை?"

"ஈ காக்கா இல்லை. கரையில கால் வைக்க எங்களுக்கு அனுமதியும் இல்லை."

'பதினான்கு மாதம்' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். வழக்குக்குக் காலம் கிடைத்துவிட்டது. ஆனால் எத்தனை பெட்டி என்று கேட்டதும் கேப்டன் விழித்தார். எஞ்சின்காரன் யோசித்து, முப்பது என்றான்.

சமையல்காரன் யோசிக்கவே இல்லை. "நாப்பத்திரண்டு. மேல்தட்டுல பதினாறு, மிச்சம் தரையில."

அவனுக்கு ஐம்பது வயதிருக்கும். முகம் புதிதாகச் சவரம் செய்யப்பட்டிருந்தது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. காலடியில் ஒரு பை, கட்டித் தயாராக இருந்தது.

"நாங்க வருவோம்னு தெரிஞ்சு ஜோடிச்சுக்கிட்டு நிக்கிறே. பாடம் சொல்லிக் குடுத்தது யாருப்பா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பொறுக்க முடியாமல் வெடித்தான். "நேத்து மூணு பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம் மேடம். எம்பேருதான் வந்துச்சு. சரின்னு தலையாட்டினாங்க. இன்னிக்கு உங்களைப் பார்த்ததும் பேச்சு மாறுறாங்க. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க."

அதிகாரிக்கு வாய் கசந்தது. எவனோ செய்த பாவத்துக்கு எவனைப் பலி கொடுப்பது என்று சீட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த அப்பாவியோ அதைச் சொத்துத் தகராறுபோல் பேசிக்கொண்டிருக்கிறான்.

"உன்னைக் காப்பாத்தத்தானேய்யா இப்ப அவங்க தங்கள் தலையைக் குடுக்கிறாங்க?"

"காப்பாத்தவா?" சமையல்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

"வீட்டுல யாரெல்லாம்?"

"சம்சாரம். ஒரு பொண்ணு. அதுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்."

அவளுக்கு அதற்குமேல் கேட்க மனமில்லை. ஆனால் கணக்கும் இடமும் சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். சட்டத்துக்கு அது போதும். கைதுக் காகிதத்தை நீட்டினாள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

மேல்தளத்தில் கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எஞ்சின்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். போய் வா என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. குற்ற உணர்ச்சி, என்று நினைத்துக்கொண்டாள் அதிகாரி. ஏணியில் இறங்கும்போது அவள் கண்ணில் நங்கூரச் சங்கிலி பட்டது. இரும்பே தெரியாதபடி அதில் சிப்பி அப்பியிருந்தது.

படகு கிளம்பியது. அலை முகத்தில் அடித்தும் சமையல்காரன் துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே தெரிந்த கட்டடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பவாவது முதலாளி செஞ்ச வேலைன்னு வாயைத் திறந்து சொல்லு" என்றாள் அதிகாரி. "இல்லேன்னா நாலு வருஷம் உள்ள கிடக்கணும். உன் நேரம், சீட்டு உன் தலையில விழுந்துச்சு."

அவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, எங்கே அவள் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடு மெல்லக் கேட்டான்.

"ஜெயிலு கரையிலதானே மேடம் இருக்கு?"