தொண்டைக்குள் ஒரு பூட்டு

மார்கழி அந்திப் பனி கோபுரத்தின்மேல் மெல்ல இறங்கி, இறைவனின் திருமுன் வாய்பொத்தி நிற்கும் அடியாரைப்போல் ஊரையே அடக்கி வைத்திருந்தது. ஓதுவார் அம்பலவாணருக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. புற்றுநோய்க்குப் பின் அவர் தொண்டைக்குள் பொருத்தப்பட்ட குரல்கருவி முந்தாநாள் நின்றுபோயிற்று. அது பழைய மாடல் என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது.

வாங்கிய பொருளை யாரிடமும் சரிசெய்துகொள்ளலாம் என்னும் பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை நம்பி, மனைவி பங்கயம் அவரைக் கடைத்தெரு மெக்கானிக் ஜெரால்டிடம் அழைத்து வந்திருந்தாள்.

"சின்னக் கோளாறுதான்க்கா. ஆனா சட்டம் வீட்டுச் சாமானுக்கு மட்டும்தான். உடம்புக்குள்ள இருக்கறது கம்பெனிக்குச் சொந்தம். தொட்டா என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க."

"அப்ப என் மிக்ஸிக்கு இருக்கற உரிமை இந்த மனுசனுக்கு இல்லையாடா?"

ஜெரால்டு திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். அம்பலவாணர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பூசைக்கு நேரமாயிற்று என்று சைகை காட்டி எழுந்தார்.

சந்நிதியில் தம் வழக்கமான இடத்தில் நின்று, கைகூப்பி, பதிகம் முழுவதையும் உதடுகளாலேயே பாடினார். ஓசை எழாத அந்தப் பாட்டு முடியும்வரை குருக்கள் தீபத்தை எடுக்காமல் காத்து நின்றார். பிறகு அவர் தந்த திருநீற்றை ஓதுவார் நெற்றியில் இடுவதற்கு முன் தொண்டையில் பூசிக்கொண்டார்.

"தீர்க்காயுசா இருங்கோ, ஓதுவாரே" என்றார் குருக்கள்.