எதிரே ஒரு தங்கமீன்

“அப்ப அந்தக் கை கணக்குல வராதா?”

“வராது. பழகுறப்ப குப்பைக் கையையெல்லாம் எவனாவது கணக்குல வைப்பானா?”

கேட்டவள் நாடீன். அமெரிக்காவின் டுலூத்தில், சண்டைச் சீட்டுகள் விற்று அங்கேயே ஆட மேசையும் போட்டிருக்கும் இந்தக் கடையை நடத்துபவள். பதில் சொன்ன ராய்ஸ், பிடிக்காத ஏழு சீட்டுகளையும் கட்டுக்குள் திணித்து மறுபடி கலைத்தான்.

எதிர் நாற்காலி காலி. அதில் ஒரு தங்கமீன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஆடிப் பார்ப்பதற்கு இங்கே தங்கமீன் ஆட்டம் என்றுதான் பெயர். தங்கமீன் தாக்காது, தடுக்காது. வாயைத் திறந்து மூடும், அவ்வளவுதான்.

நாளை இங்கேயே போட்டி. நான்கே சுற்றில் எவரையும் சாய்க்கும் கட்டு இது, தானே பொறுக்கிச் சேர்த்தது என்று ராய்ஸ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

மற்ற மேசைகளை ஓரக்கண்ணால் பார்த்து உதட்டைச் சுழித்தான். பக்கத்து மேசை ஓரின் ஒவ்வொரு சீட்டையும் மனைவியிடம் அனுமதி கேட்பவன்போல் விழித்து விழித்துப் போட்டான். அவனை ஜெயித்த டெல்லாவோ ஜெயித்ததற்குக் கூச்சப்பட்டாள். இதுகளோடு ஆடினால் கைதான் கெட்டுப்போகும்.

நல்ல கை வந்தது. மளமளவென்று இறக்கினான்.

“செத்துட்ட,” என்றான் நாற்காலியிடம்.

நல்ல கை வந்தால் அது அவன் திறமை. வராவிட்டால் கலைத்தது சரியில்லை.

“பாவம்டா, அதுக்கும் குஞ்சு குளுவான் இருக்கும்,” என்றான் ஓரின். அந்த மேசையே சிரித்தது.

“உன்னைவிட அது நல்லா ஆடுது.”

கதவு திறந்தது. கோட்டிலிருந்த பனியை உதறிக்கொண்டே ஒரு பெண் நேராக அவன் மேசைக்கு வந்தாள்.

“இங்க யாராச்சும் வராங்களா?”

அவள் கையிலிருந்தது புதிதாகப் பழகுபவர்களுக்குக் கடையில் தயாராக விற்கிற கட்டு, சீட்டுகளுக்கு உறைகூடப் போடவில்லை. ராய்ஸுக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“எடுத்துட்டுப் போ.”

அவள் உட்காரத்தான் கேட்டிருந்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரினின் மேசைக்குப் போனாள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நாடீன் வாசல் பலகையை உள்ளே எடுத்து வைத்தாள்.

“நாளைப் போட்டிக்குப் பேர் எழுதுறதை முடிக்கப்போறேன், ராய்ஸ். உன் பேரைச் சேர்க்கட்டுமா?”

“இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துடறேன்.”

“போன வருஷமும் இதைத்தான் சொன்ன. அதுக்கு முந்தின வருஷமும்.”

அவன் ஏழு சீட்டுகளை எடுத்தான். இன்று வந்ததிலேயே அருமையான கை. நிமிர்ந்தான். எதிரே மேசையின் விளிம்பு, அதற்கப்பால் வெறும் சுவர். ஓரினின் மேசையில் அந்தப் பெண் எதையோ தப்பாகப் போட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான்.

“நாடீன், கொஞ்ச நேரம் எதிர்ல வந்து நில்லேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்.”