மேட்டு மண்

மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு, பல ஊர்களைத் தாண்டி, ஒரு வறண்ட நிலத்துக்கு வாய்க்கால் வந்து சேர்ந்தது. அதுவரை அந்த நிலத்துக்குத் தண்ணீர் கொடுத்தது மூலையில் இருந்த கிணறுதான். அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

“ஐயா, உங்க தண்ணி என்னமா இனிக்குது!” என்றது நிலம்.

“நடுவுல இப்படி மேடா இருந்தா நான் எப்படிப் பாயறது?” என்றது வாய்க்கால்.

“வெட்டிடச் சொல்றேங்க. மண்ணைப் போடக் கிணறு இருக்கு.”

கிணறு பதறியது. “தம்பி, உனக்குத் தண்ணி வந்ததுல எனக்கும் சந்தோஷந்தான். ஒரு ஓரமாக் கிடந்துட்டுப் போறேனே.”

“நீ சும்மா இரு. இனிமே உன்னை யார் எட்டிப் பார்க்கப் போறாங்க?”

ஆட்கள் மேட்டை வெட்டிக் கிணற்றை மூடினார்கள். சில வருஷம் நிலம் முழுக்க நெல் விளைந்தது.

பிறகொரு வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் மழை இல்லை. வாய்க்காலில் சருகுதான் வந்தது.

“ஐயா, கதிர் வர்ற நேரம். ஒரே ஒரு தண்ணி பாய்ஞ்சாப் போதும்!”

“ஆத்துலயே இல்லை. நான் எங்கே போவேன்?” என்றது வாய்க்கால்.

பயிர் நுனி கருகத் தொடங்கியது. நிலம் மெல்ல மூலைப் பக்கம் திரும்பியது.

“அண்ணே, உப்புத் தண்ணியானாலும் பரவாயில்லை. கொஞ்சம் குடுங்கண்ணே.”

அடியிலிருந்து கிணற்றின் குரல் கேட்டது.

“தண்ணி இருக்கு தம்பி. உன் மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கோ.”